யாராவது உள்ளே இருக்கீங்களா?

எங்கள் வீட்டில் தண்ணீர் மோட்டார் போடுவது ஒரு சடங்கு மாதிரி நடக்கும். சுவிட்ச் முன்பக்க வராந்தாவில் இருக்கிறது. மோட்டார் பின்பக்கம், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில். அப்பா நேராக சுவிட்சைத் தட்டவே மாட்டார். முதலில் பின்பக்கம் போய் மோட்டாரைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பார். பிறகு வராந்தாவுக்கு வந்து, தெருமுனை வரைக்கும் கேட்கிற குரலில் கத்துவார்.

"மோட்டார் போடறேன்... யாராவது இருக்கீங்களா?"

பதில் வராது. இன்னொரு தடவை கத்துவார். அப்புறம்தான் சுவிட்ச்.

மோட்டாருக்கு மட்டுமல்ல, மிக்ஸிக்கும் இதேதான், ஸ்கூட்டருக்கும் இதேதான். நான் பள்ளியில் படிக்கும்போது தோழிகள் வீட்டுக்கு வந்தால் கூனிக் குறுகிப் போவேன். "உங்கப்பா யாரைடி கூப்பிடறாரு?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அம்மாவிடம் முறையிட்டால், "டீசல் இன்ஜின் ஓட்டறவங்க அப்படித்தான் கண்ணு. காது மந்தம், அதான் கத்தறாங்க" என்று முடித்துவிடுவார்.

அப்பா ரயில்வேயில் டிரைவராக இருந்தவர். இப்போது லோகோ பைலட் என்கிறார்கள். 2012-ல் ஓய்வு பெற்றார். இரண்டு வருடங்களுக்கு முன் அம்மா தவறிய பிறகு, கரூரில் எங்களோடு இருக்கிறார். வயது 73. பேச்சு குறைந்துவிட்டது. காலையில் பேப்பர், மாலையில் வாசலில் நாற்காலி. அவ்வளவுதான் அவருடைய நாள்.

அவர் வாழ்க்கையில் என்னை ஒரே ஒரு தடவைதான் அடித்திருக்கிறார். 1991. நான் ஆறாம் வகுப்பு. மாவு ஆட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. அம்மா கிரைண்டருக்குள் கையை விட்டு மாவை வழித்துக்கொண்டிருந்தார். கரண்ட் வந்துவிட்டதா என்று பார்க்க, நான் விளையாட்டாக சுவிட்சைத் தட்டினேன். வந்திருந்தது. கல் ஒரு சுற்று சுற்றியது. அம்மா சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. அம்மா சிரித்துக்கொண்டேதான் எழுந்தார்.

அப்பா ஓடி வந்து என் கன்னத்தில் விட்டார் ஒன்று. பிறகு பின்பக்கம் போய் இருட்டும் வரை தனியாக உட்கார்ந்திருந்தார். ஒரு வளையலுக்கு இவ்வளவு கோபமா என்று எனக்குப் பல வருடங்கள் புரியவே இல்லை.

புரிந்தது போன மே மாதம்தான். அதற்குக் காரணம் என் மகன். இன்னும் சரியாகச் சொன்னால், அவனுடைய பழைய லேப்டாப்.

எட்டாம் வகுப்பு முடித்திருந்தான். லீவில் கிரிக்கெட் கிடையாது, சினிமா கிடையாது, ரயில் சிமுலேட்டர்தான். 2001-ல் மைக்ரோசாஃப்ட் ஒரு ரயில் விளையாட்டு வெளியிட்டது. அதற்காகச் செய்த ரயில்களையும் பாதைகளையும் ஓட்டுவதற்கு 'ஓப்பன் ரெயில்ஸ்' என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. நம் ஊர் ரயில் ரசிகர்கள் அதில் ஓட்டுவதற்காக இந்திய இன்ஜின்களைக்கூட உருவாக்கி வைத்திருக்கிறார்கள். பையன் அதில் ஒன்றை இறக்கிக்கொண்டான்.

அன்றைக்கு மதியம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அப்பா பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தார். லேப்டாப்பில் இருந்து ஒரு செருமல் கேட்டது. பிறகு மெதுவாக, 'டுகு... டுகு... டுகு...' என்று கனமான ஒரு துடிப்பு.

அப்பா பேப்பரை எடுத்தார்.

"ஆல்கோ" என்றார். எங்கள் பாதையில் எல்லாம் மேலே கம்பி கட்டி மின்சார ரயிலாகிவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டே நாளாகிறது. எழுந்து பேரனுக்குப் பின்னால் போய் நின்றார். திரையில் நீளமான டீசல் இன்ஜின் ஒன்று புகை விட்டுக்கொண்டு நின்றது.

"டபிள்யூ.டி.எம்-2. யாரு ஸ்டார்ட் பண்ணினது?"

"நான்தான் தாத்தா. ஷிஃப்டை அமுக்கிட்டு ஒய் தட்டினா ஸ்டார்ட் ஆயிடும்."

"ஆயில் பாத்தியா?"

"இதுல ஆயில் எல்லாம் கிடையாது தாத்தா."

"தண்ணி?"

"கிடையாது."

"பேட்டரி போட்டியா?"

பையன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நோட்டு எடு. எழுது" என்றார். அம்மா போன பிறகு அவர் குரலில் இப்படி ஒரு அதிகாரத்தை நான் கேட்டதில்லை.

அடுத்த பத்து நாளும் எங்கள் ஹால் ஒரு லோகோ ஷெட்டாக மாறியது.

முதல் பாடம், பெயர். டபிள்யூ என்றால் அகல ரயில்பாதை. டி என்றால் டீசல். எம் என்றால் பயணிகள் வண்டி, சரக்கு வண்டி இரண்டுக்கும் ஆகும். 2 என்றால் அந்த வகையில் இரண்டாவது மாடல். அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியில் இருந்து 1962-ல் வந்தது. 1964-லிருந்து வாரணாசியில் நம்மவர்களே செய்ய ஆரம்பித்தார்கள். 16 சிலிண்டர். 2,600 குதிரைசக்தி. எடை 112 டன்னுக்கு மேல். டேங்கில் 5,000 லிட்டர் டீசல் பிடிக்கும்.

"இவ்ளோ பெரிய இன்ஜினை முதல்ல எது சுத்தும் தாத்தா? காருக்கு ஸ்டார்ட்டர் மோட்டார் மாதிரியா?"

அப்பாவுக்குக் கேள்வி பிடித்துவிட்டது. கிராமத்தில் ஆயில் இன்ஜினை ஹேண்டில் போட்டுச் சுற்றுவதைப் பார்த்திருக்கிறாயா என்று ஆரம்பித்தார். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை உள்ளே இறுக்க இறுக்க அது சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். ஆனால் முதல் சில சுற்றுகளை வேறு யாராவது சுற்றிவிட வேண்டும். டபிள்யூ.டி.எம்-2-ல் அதற்கென்று தனி மோட்டார் இல்லை. ஓடும்போது சக்கரங்களுக்கு மின்சாரம் தருகிற அதே பெரிய ஜெனரேட்டர், ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் மோட்டாராக மாறும். பேட்டரி அதைச் சுற்றும். அது இன்ஜினைச் சுற்றும்.

"பேட்டரி வீக்கா இருந்தா முடிஞ்சுது. அந்தக் காலத்துல பாதிப் பேரு இன்ஜினை நிறுத்தவே பயப்படுவோம். நிறுத்திட்டு அப்புறம் கெளம்பலைன்னா? அதுக்குப் பயந்தே ராத்திரி பூரா ஐடிலிங்ல போட்டு வைப்போம். டீசல் சும்மா எரியும்."

இரண்டாவது பாடம்தான் நீண்டது. பட்டனுக்குப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை.

இன்ஜினை ஒரு சுற்று சுற்றி வரணும். கை பிரேக் போட்டிருக்கா, சக்கரத்துக்குக் கட்டை வச்சிருக்கா, பார்க்கணும். அடியில் எண்ணெய், தண்ணீர் சொட்டுதா என்று குனிந்து பார்க்கணும். டேங்கில் டீசல் அளவு. பக்கவாட்டுக் கதவைத் திறந்து டிப்ஸ்டிக்கை இழுத்து, துடைத்து, மறுபடி விட்டு, லூப் ஆயில் அளவு. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் அளவு. கவர்னர் எண்ணெய். கம்ப்ரஸர் எண்ணெய். வேகம் மீறினால் இன்ஜினை நிறுத்துகிற டிரிப், தட்டிவிட்டுக் கிடந்தால் சரி பண்ணணும்.

பிறகு கேப். பேட்டரி நைஃப் ஸ்விட்ச் போடணும். பிரேக்கர்கள் மேலே இருக்கணும். த்ராட்டில் ஐடிலில், ரிவர்ஸர் நியூட்ரலில். டீசல் பம்ப்பைப் போட்டால் 'ஙொய்ங்' என்று ஒரு சத்தம் வரும், முள் மேலே ஏறும். அதன் பிறகுதான் ஸ்டார்ட் பட்டன். தட்டிவிட்டு விடுவது இல்லை. இன்ஜின் பிடித்து, லூப் ஆயில் பிரஷர் ஏறுகிற வரை அமுக்கிப் பிடிக்கணும். அவசரப்பட்டு விட்டால் அணைந்துபோகும். பிடிக்கவில்லை என்று ரொம்ப நேரம் அமுக்கினால் பேட்டரி செத்துவிடும். பிடித்துவிட்டால் நிமிஷத்துக்கு 400 சுற்றில் நிற்கும். கரும்புகை கக்கும். அதற்கப்புறம் மறுபடி இறங்கி ஒரு சுற்று, காதால் பார்க்கணும்.

"காதால எப்படித் தாத்தா பாக்கறது?"

"பதினாறு பேர் நடந்து போறாங்கன்னு வை. ஒருத்தன் நொண்டினா தெரியாதா?"

பையன் எல்லாவற்றையும் எழுதி, 14 வரியில் ஒரு பட்டியலாக லேப்டாப் பக்கத்தில் ஒட்டினான். ஒவ்வொன்றாகச் சொல்லி, 'பாத்தாச்சு' என்று டிக் அடித்த பிறகுதான் ஷிஃப்டும் ஒய்யும். 'டீரெயில் வேலி' என்று இன்னொரு விளையாட்டில் பிரேக்கர்களை ஒவ்வொன்றாகப் போட்டு ஸ்டார்ட்டரைத் திருப்பினால்தான் இன்ஜின் கிளம்பும் என்று கண்டுபிடித்துத் தாத்தாவிடம் வீடியோ காட்டினான். "பரவாயில்லையே" என்றார். ஓய்வு பெறுவதற்கு முன் பயிற்சியில் அவரே சிமுலேட்டரில் உட்கார்ந்திருக்கிறாராம். "அது நல்லது தம்பி. தப்பு பண்றதா இருந்தா அங்க பண்ணலாம். யாருக்கும் அடிபடாது."

பதினோராவது நாள் பையன் அந்தக் கேள்வியைக் கேட்டான். கணக்குப் போட்டுப் பார்க்கிற பையன் அவன்.

"தாத்தா, இன்ஜின் ரூமைப் பாத்துட்டு கேபுக்கு வந்துடறீங்க. கேப்ல இருந்து இன்ஜின் ரூம் தெரியுமா?"

"தெரியாது. நடுவுல சுவரு."

"அப்ப நீங்க இந்தப் பக்கம் வந்ததும், அந்தப் பக்கம் யாராவது கதவைத் தெறந்து உள்ள போயிட்டா?"

அப்பா பதில் சொல்லவில்லை.

"ஹாரன் அடிப்பீங்களா?"

"ஹாரனுக்குக் காத்து வேணும். காத்துக்கு கம்ப்ரஸர் ஓடணும். கம்ப்ரஸர் ஓட இன்ஜின் ஓடணும். ரொம்ப நேரம் நின்ன இன்ஜின்ல ஹாரன் அடிக்காது தம்பி."

பையன் உடனே தட்டிப் பார்த்தான். இன்ஜின் அணைந்திருந்தாலும் விளையாட்டில் ஹாரன் கம்பீரமாக ஒலித்தது. "இதுல அடிக்குது தாத்தா!" என்று சிரித்தான்.

அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி சாப்பிட வரவில்லை. நான் தட்டில் இரண்டு இட்லியோடு போனேன். பையனும் பின்னாலேயே வந்து படியில் உட்கார்ந்தான்.

"திண்டுக்கல் மாமாவுக்கு விரல் எப்படிப் போச்சுன்னு தெரியுமா?" என்றார் அப்பா.

திண்டுக்கல் மாமா எங்களுக்குச் சொந்தம் இல்லை. அப்பாவோடு ஷெட்டில் கலாசியாக வேலை பார்த்தவர். ஒவ்வொரு தீபாவளிக்கும் சிறுமலை வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவார். இடது கையில் இரண்டு விரல் இருக்காது. சின்ன வயதில் கேட்டால், "ரயிலுக்குப் பசிச்சுது பாப்பா, குடுத்துட்டேன்" என்பார். நாங்கள் வாய்விட்டுச் சிரிப்போம். அப்பா மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவார். எதற்கோ போகிறார் என்று நினைத்திருக்கிறேன்.

1977. அப்பாவுக்கு 25 வயது. டீசல் அசிஸ்டென்ட். விடிகாலை நான்கு மணிக்கு ஒரு இன்ஜினைத் தயார் பண்ண வேண்டும். எல்லாவற்றையும் பார்த்தார். எண்ணெய், தண்ணீர், கட்டை, கை பிரேக், ஒன்றுவிடாமல். இன்ஜின் ரூமில் யாரும் இல்லை. இறங்கி வந்தபோது டிரைவர் டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டு நிமிஷம். குடித்துவிட்டு கேபுக்கு ஏறினார். "போடுப்பா" என்றார் டிரைவர். அப்பா பட்டனை அமுக்கினார்.

அந்த இரண்டு நிமிஷத்தில்தான், கம்ப்ரஸர் பக்கம் எண்ணெய் சிந்தியிருக்கிறதே, துடைத்துவிடலாம் என்று மாமா உள்ளே போயிருக்கிறார். கையில் காட்டன் வேஸ்ட். ஷாஃப்ட் சுற்றியதும் அதை இழுத்துக்கொண்டது. கையையும் சேர்த்து.

"கத்தினது இன்னும் காதுல இருக்கு. எனக்குக் காது மந்தம்னு உங்கம்மா சொல்லுவா. அது மட்டும் கேக்குது."

நானும் பையனும் அசையவில்லை.

"கேபுக்கு ஏறினதும் ஒரு குரல் குடுக்கணும். 'ஸ்டார்ட் பண்றேன், யாராவது உள்ள இருக்கீங்களா'ன்னு. எங்க குரு அதைத்தான் முதல் பாடமாச் சொல்லிக் குடுத்தாரு. நான் குடுக்கல. டீ வாசம் வாயில இருந்தது. குடுக்கல."

விசாரணை நடந்தது. அப்பாவுக்கு வேலை போகும் என்றே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். மாமா கையில் கட்டோடு வந்து வாக்குமூலம் கொடுத்தார். "அசிஸ்டென்ட் குரல் குடுத்தாருங்க. எனக்குத்தான் காதுல விழல."

அப்பாவுக்கு எதுவும் ஆகவில்லை. மாமாவை ஸ்டோர்ஸில் லேசான வேலைக்கு மாற்றினார்கள்.

"ஏன்டா அப்படிச் சொன்னேன்னு கேட்டேன். 'போன விரலு வரப்போவுதா? உன் வேலையும் போவணுமா?'ன்னான். நாப்பத்தெட்டு வருஷமாச்சு. நான் குரல் குடுத்தேன்னு அவன் ஒரு பொய் சொன்னான். அதை நிசமாக்கணும்னுதான் கத்திக்கிட்டே இருக்கேன்."

இட்லி ஆறிப் போயிருந்தது. அப்பா என் பக்கம் திரும்பாமலே, "அன்னைக்குக் கிரைண்டர்ல உன்னை அடிச்சிட்டேன் கண்ணு" என்றார். 34 வருடம் கழித்து.

என்னால் பேச முடியவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய், சூடாக வேறு இட்லி கொண்டுவந்தேன்.

மறுநாள் காலையில் பார்த்தேன். லேப்டாப் பக்கத்துப் பட்டியலில் பதினைந்தாவது வரி ஏறியிருந்தது. 'குரல் குடுக்கணும்.' பக்கத்தில் டிக் போட ஒரு கட்டம்.

விளையாட்டில் உள்ளே போக ஆளே கிடையாது என்பது பையனுக்குத் தெரியும். ஆனாலும் அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வீடு அதிரக் கத்துகிறான். "இன்ஜின் ஸ்டார்ட் பண்றேன்... யாராவது உள்ளே இருக்கீங்களா?" பக்கத்து வீட்டு அக்கா இரண்டு நாள் ஓடி வந்து என்ன, ஏது என்று விசாரித்துவிட்டுப் போனார்.

நானும் மாறிப் போனேன். மிக்ஸியைப் போடும் முன் என்னை அறியாமல் "போடறேன்" என்று குரல் வருகிறது. கூச்சமாக இல்லை.

தீபாவளிக்குத் திண்டுக்கல் மாமா வந்தார். வழக்கம் போல சிறுமலைப் பழம். 72 வயது. பஸ்ஸில் தனியாகத்தான் வந்தார். வராந்தாவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அப்பா எதிரே. இருவரும் அதிகம் பேசிக்கொள்வது இல்லை, எப்போதும்.

ஹாலில் பையன் பட்டியலைப் படிக்க ஆரம்பித்தான். லூப் ஆயில், பாத்தாச்சு. தண்ணி, பாத்தாச்சு. கை பிரேக், பாத்தாச்சு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. நிறுத்தச் சொல்லலாமா என்று எழுவதற்குள் கத்திவிட்டான்.

"இன்ஜின் ஸ்டார்ட் பண்றேன்... யாராவது உள்ளே இருக்கீங்களா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாமா மெல்லுவதை நிறுத்தினார். ஒரு கணம் ஹாலைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, மூன்று விரல் கையை உயர்த்திக் குரல் கொடுத்தார்.

"யாரும் இல்ல சாமி! நான் வெளியதான் நிக்கறேன். போடு!"

லேப்டாப் செருமியது. 'டுகு... டுகு... டுகு...'

இரண்டு கிழவர்களும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து மாமாதான் பேசினார்.

"ஒரு சிலிண்டர் நொண்டுதேடா."

"ஸ்பீக்கர் பழசு" என்றார் அப்பா. "இன்ஜின் நல்ல இன்ஜின்."

"இல்ல, நொண்டுது."

"உனக்குக் காது மந்தம்."

மத்தியானச் சாப்பாடு வரைக்கும், இல்லாத ஓர் இன்ஜினின் ஒரு சிலிண்டருக்காக இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.